இறங்குமுகம்

14

காசிநாதன் கிழித்தெறிந்த கிராஃப் தாள் சனிக்கிழமை காலையிலும் கூடத்தில்தான் கிடந்தது. லீலாவதி கூடத்தைப் பெருக்கினாள். அந்த நாலு துண்டுகளை மட்டும் சுற்றிக்கொண்டு பெருக்கினாள். கிழித்தவர் கையாலேயே பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கும் மச்சாண்டார் அவர், புருஷனின் அண்ணன். முந்தின நாள் சாயங்காலம் அரியலூருக்குத் தம்பி வீட்டைப் பார்க்க வந்தவர். வெள்ளி இனிமேல் விழும் என்று லீலாவதி வாய் திறந்து சொன்னதற்குத்தான் இந்தக் கிழிசல்.

இதே மனிதர்தான் போன வருஷம், எழுபத்தொன்பது புரட்டாசியில், அவள் போட்ட கோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்.

ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் எடுக்க நிலம் போய், அண்ணன் தம்பி இருவர் கைக்கும் நஷ்டஈடு வந்த சமயம் அது. பணத்தை என்ன செய்வது என்று வீடே விழித்தது. லீலாவதி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கு ரயிலில் வரும் இங்கிலீஷ் பேப்பரின் வியாபாரப் பக்கத்தை இரண்டு வருஷமாக வாராவாரம் பார்த்து, கிராஃப் நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கோடு டாலர். ஜெர்மன்காரன் பணத்துக்கு எதிரே அது என்ன விலை போகிறது என்று. இன்னொன்று லண்டன் தங்கம். மூன்றாவது வெள்ளி. டாலர் இறங்க இறங்க மற்ற இரண்டும் ஏறின.

"டாலரை நம்பினவன் எல்லாம் இப்ப அதை விட்டுட்டுத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஓடுறான். இது இன்னும் ஏறும்" என்றாள்.

தங்கக் கட்டி வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. ஆகவே வெள்ளி. சேலத்துக்குப் போய் ஒரு கிலோக் கட்டிகளாக, ஆளுக்குப் பத்து, மொத்தம் இருபது வாங்கி வந்தார்கள். தை மாதம் வெள்ளி போன உயரத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. காசிநாதன் அவளுடைய கிராஃப் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு உரக்கடையில் மாட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வூட்டுக் கணக்கு டீச்சர் போட்டது" என்று காட்டினார்.

இன்றைக்கு அதே கை இறங்கும் கோடு போட்டால் கிழிக்கிறார்.

"மாமா, இதைக் கேளுங்க." காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "தையில வெள்ளி அவுன்ஸுக்கு ஐம்பது டாலரைத் தொட்டுட்டு விழுந்துச்சு. அப்புறம் ரெண்டு தடவை எழுந்திருக்கப் பாத்துச்சு. ரெண்டு தடவையும் நாப்பதைத் தாண்ட முடியலை. பத்து வாரச் சராசரிக் கோட்டுக்குக் கீழே போயிடுச்சு. அந்தப் பக்கம் டாலர் இறங்கறதை நிறுத்தி நாலு வாரத்துக்கு மேலாச்சு. நிமிர்ந்துக்கிட்டு வருது."

"நிமிரட்டும். அமெரிக்காக்காரன் நிமிர்ந்தா எனக்கென்ன, குனிஞ்சா எனக்கென்ன?"

"புரட்டாசியில அப்படிச் சொல்லலையே நீங்க."

காசிநாதன் டம்ளரை டங்கென்று வைத்தார்.

"இங்க பாரு. உனக்கு நெஞ்சு இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு இரு. பள்ளிக்கூடத்துல போயி, பஸ்ஸ்டாண்டுல போயி இதைப் பேசிக்கிட்டு இருக்காதே. மீன்சுருட்டியில முத்தாயி ஒரு பொம்பளை, புருஷன் லாரியில வடக்கே போயிக் கிடக்கான், அவளே தைரியமா பத்துக் கட்டி வாங்கி வச்சிருக்கா. நீ படிச்சவ, நடுங்குறே."

டம்ளரை எடுக்கக் குனிந்த லீலாவதி சட்டென்று நிமிர்ந்தாள்.

முத்தாயி அவள் நாத்தனார். இந்த இரண்டு அண்ணன்களுக்கும் ஒரே தங்கை. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாள்.

"முத்தாயி வாங்கினாளா? எதை வச்சு வாங்கினா?"

"ஏரிக்கரை நிலத்தை வித்தா. ரெண்டு ஏக்கர்."

"எப்ப?"

காசிநாதன் எழுந்தார். சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் மாதிரித் துண்டை உதறித் தோளில் போட்டார்.

முற்றத்தில் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த நடராசன் திரும்பவே இல்லை. அவள் புருஷன், ஊருக்கு வெளியே சிமெண்ட் ஆலையில் ஸ்டோர் கீப்பர். அண்ணனும் மனைவியும் மோதிக்கொள்ளும் நேரத்தில் எல்லாம் அவருக்குச் சவரமோ குளியலோ வந்துவிடும்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ம்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவ பணம், அவ வாங்கறா. இதுல உனக்கு என்ன சொல்றது?"

"நான் மீன்சுருட்டி போயிட்டு வரேன். இன்னிக்கே விக்கச் சொல்லணும்."

நடராசன் இப்போது திரும்பினார். பாதி முகத்தில் சோப்பு நுரை.

"போக வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். வெயில்ல எதுக்கு அலையறே? நாளைக்கு நானே போய்ப் பேசிக்கறேன்."

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் வெயிலைப் பற்றி அவர் கவலைப்பட்டது இதுதான் முதல் தடவை. லீலாவதி கிராஃப் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, மீன்சுருட்டியில் இறங்கியபோது பதினொன்றரை. முத்தாயி வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க" என்றாள். அந்த 'வாங்க'வில் தண்ணீர் கொடுக்கும் எண்ணம்கூட இல்லை.

லீலாவதி சுற்றி வளைக்கவில்லை. நோட்டைத் திறந்து காட்டினாள். இந்தக் கோடு டாலர், இந்தக் கோடு வெள்ளி என்று விரல் வைத்துச் சொன்னாள்.

"டாலர் பலவீனமா கிடந்த வரைக்கும் வெள்ளிக்கு மவுசு. இப்ப அது எழுந்திருச்சிருச்சு. திங்கக்கிழமையே வித்துடு, முத்தாயி. கொஞ்சம் நட்டமானாலும் பரவாயில்லை. இன்னும் நிக்க நிக்கப் பாதிதான் மிஞ்சும்."

முத்தாயி நோட்டைப் பார்க்கவே இல்லை. அண்ணியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"புரட்டாசியில இந்த நோட்டை எடுத்துக்கிட்டு ஏன் வரலை?"

"என்ன?"

"ரெட்டிபாளையத்து நிலம் எங்கப்பா நிலம். நஷ்டஈடு வந்துச்சு, ரெண்டு அண்ணனும் பிரிச்சுக்கிட்டாங்க. எனக்கு ஒரு சேலை. சரி, போகட்டும். வெள்ளி ஏறும்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. மீன்சுருட்டிக்கு அப்பவும் பஸ் இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்ல ஆள் வரலை. ஏறினதெல்லாம் நீங்களே ஏறினீங்க. இன்னிக்கு நான் ஏறப் போறேன்னதும் வெயில்ல ஓடி வர்றீங்க."

"முத்தாயி, சத்தியமா..."

"சத்தியம் பண்ணாதீங்க. உங்க பத்துக் கட்டியை வித்துட்டீங்களா?"

"இன்னும் இல்லை. விக்கணும்னுதான்..."

"பாத்தீங்களா? நீங்க விக்கலை. நான் மட்டும் விக்கணும்."

லீலாவதி நோட்டை மூடினாள். முத்தாயி கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. புரட்டாசியில் அவளுடைய நினைப்பு லீலாவதிக்கு வரவே இல்லை. அதுதான் நிஜம்.

முத்தாயி ஆவேசமாக உள்ளே போனாள். நெல் குதிருக்குள் கையை விட்டு, சாக்குத் துணி சுற்றிய ஒரு கட்டியை எடுத்து வந்து அண்ணியின் மடியில் பொத்தென்று போட்டாள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. உங்க வூட்டுல இருக்கிறதுக்கு இது எதுலயாச்சும் குறைச்சலா?"

லீலாவதி துணியை விலக்கினாள். கட்டியைத் திருப்பினாள். அடிப்பக்கத்து மூலையில் ஆணியால் கீறிய ஒரு எழுத்து. 'ந'.

சேலத்திலிருந்து கட்டிகள் வந்த அன்று அவள்தான் சொன்னாள், பங்கு கலந்துவிடக் கூடாது என்று. நடராசன் ஆணி எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து தன் பத்துக் கட்டியிலும் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறினார். சுழி கொஞ்சம் கோணலாக வந்ததற்கு அவள் சிரித்தாள். அதே கோணல் இப்போது அவள் மடியில் கிடந்தது.

"இதை யார் வாங்கித் தந்தது?"

"அண்ணன்தான்."

"எந்த அண்ணன்?"

"உங்க வூட்டுக்காரர்தான். சேலத்துல ஒரு சேட்டுகிட்டச் சொல்லி வச்சு எடுத்தாந்தார். கிரகணத்துக்கு முந்தின நாள். யாருகிட்டயும் சொல்லாதே, அண்ணிகிட்டக்கூடச் சொல்லாதேன்னார். உங்களுக்குப் பொறாமை வரும்னார்."

கிரகணம் மாசி முதல் வாரம். அதற்குப் பத்து நாளைக்கு முன்னால்தான் லீலாவதி அடுக்களையில் வைத்துப் புருஷனிடம் தனியாகச் சொன்னாள்: டாலர் இறங்கறதை நிறுத்திடுச்சு, நம்ம கட்டியை வித்துடலாம், மாமாகிட்டயும் சொல்லுங்க என்று. "பார்க்கலாம்" என்றார் அவர். பார்த்திருக்கிறார். பீரோச் சாவி அவரிடம்தான்; கட்டி பத்தும் உள்ளே இருக்கிறது என்றே அவள் நினைத்திருந்தாள்.

கட்டியை மறுபடி துணியில் சுற்றினாள்.

"என்ன அண்ணி, பேச்சைக் காணோம்?"

இப்போதே சொல்லிவிடலாம். உன் அண்ணன் தன் சரக்கையே உன் தலையில் கட்டிவிட்டார் என்று. சொன்னால் இந்த வாசலோடு உறவு முடிந்தது. சொல்லாவிட்டால் அவளும் இதில் கூட்டு.

"சாயங்காலத்துக்குள்ள உனக்குச் சேதி வரும்" என்று மட்டும் சொன்னாள்.

"உங்க சேதி எனக்கு வேண்டாம். கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும், இஷ்டம் இருந்தா வாங்க."

*

சிமெண்ட் ஆலை வாசலில் வேப்பமரம்கூடச் சாம்பல் நிறத்தில்தான் நின்றது. மூன்றரை மணிக்கு லீலாவதி அதன் அடியில் நின்று, வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினாள். நடராசன் வேகமாக வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நடையைக் குறைத்தார்.

"இங்க எதுக்கு வந்தே? வூட்டுல பேசிக்கலாம்."

"முத்தாயி வூட்டுக் குதிர்ல 'ந' போட்ட கட்டி இருக்கு."

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினார்.

"அவதான் வந்து அழுதா. எனக்கும் வெள்ளி வேணும்னு. சேலத்துல வாங்கினாலும் அதே விலை, எங்கிட்ட வாங்கினாலும் அதே விலை. நான் ஒரு பைசா கூட வச்சு வாங்கலை."

"அப்ப உங்க பேரைச் சொல்லியே வித்திருக்கலாமே? எதுக்கு நடுவுல ஒரு சேட்டு?"

நடராசன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"விழப் போவுதுன்னு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு!" நடராசனுக்குக் குரல் எகிறியது. "அதனாலதான் வித்தேன். இந்தக் குடும்பத்துல உன் கோட்டை நம்பின ஒரே ஆளு நான்தான், தெரிஞ்சுக்க. அண்ணன் கிழிச்சுப் போட்டாரு. முத்தாயி மூஞ்சியில அடிச்சிருப்பா. நான் நம்பினேன். நீ சொன்னதைத்தான் செஞ்சேன்."

"நான் விக்கச் சொன்னேன். தங்கச்சிக்கு விக்கச் சொன்னேனா?"

"வாங்கறவன் எவனோ ஒருத்தன் நட்டப்படத்தான் போறான். ஊரான்னா உனக்குச் சம்மதமா? ஊரான் வூட்டுல கல்யாணம் இல்லையா?"

அந்தக் கேள்வி அவளை ஒரு கணம் நிறுத்தியது உண்மைதான். ஆனால் அவர் அதைக் கேட்ட விதத்தில் நியாயம் தேடும் மனசு இல்லை. தப்பிக்கிற அவசரம்தான் இருந்தது.

"பணம் எங்கே?"

"திருச்சியில மனை வாங்கியிருக்கேன். உன் பேர்லதான். உனக்காகத்தானே எல்லாம்."

முத்தாயியின் ஏரிக்கரை நிலம் திருச்சியில் மனையாகி, லீலாவதியின் பெயரிலேயே நிற்கிறது.

"நல்லதாப் போச்சு. என் பேர்ல இருக்கிறது என்னுது. திங்கக்கிழமை அதை முத்தாயி பேருக்கு எழுதிக் குடுத்துடறேன். பத்துக் கட்டியும் நம்ம வூட்டுக்கே திரும்பட்டும். விழுந்தா நம்ம தலையிலயே விழட்டும். பத்திரத்தைக் குடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"பத்திரத்தைக் குடுங்க."

"பத்திரம் எங்கிட்ட இல்லை. அண்ணன்கிட்ட இருக்கு."

"மாமாகிட்டயா? அவரு எதுக்கு..." பாதியில் நிறுத்தினாள். "அப்ப நீங்க வித்தது அவருக்குத் தெரியும்."

நடராசன் காலடியில் கிடந்த கல்லைச் செருப்பால் தள்ளினார்.

"தெரியும்தானே? தெரிஞ்சுக்கிட்டேதான் நேத்து நான் பேசினதுக்குத் தாளைக் கிழிச்சாரா? விழாது விழாதுன்னு என்கிட்ட எதுக்குக் கத்தினாரு?"

"மெதுவாப் பேசு."

"சொல்லுங்க!"

"அவரு கட்டி இன்னும் முழுசா போகலை. கடைக்கு வர்றவங்களுக்குக் குடுத்துக்கிட்டு இருக்காரு. ஏழு போயிடுச்சு. இன்னும் மூணு இருக்கு. அதுக்குள்ள நீ ஊரெல்லாம் போயிச் சொல்லிட்டா யாரு வாங்குவா?"

மூன்று கட்டி மீதி. அதற்காகத்தான் கத்தல். அதற்காகத்தான் கடைச் சுவரில் இன்னும் அந்தக் கண்ணாடிச் சட்டம்.

ஆலை வாசலில் பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. லீலாவதி ஏறினாள்.

"லீலா, இறங்கு. இந்த விஷயத்தை வெளியில சொன்னேன்னா வூட்டுப்படி ஏறாதே. சொல்லிட்டேன்!"

கண்டக்டர் விசில் அடித்தார். ஜன்னல் ஓரமாக நாலடி கூடவே நடந்து வந்த நடராசன், வாட்ச்மேன் பார்ப்பதைக் கண்டு நின்றுகொண்டார்.

*

உரக்கடையில் சனிக்கிழமைக் கூட்டம். வாசலில் யூரியா மூட்டைக்கு ஆறேழு பேர் நின்றார்கள். உள்ளே கல்லாவுக்குப் பின்னால் காசிநாதன். அவருக்கு மேலே சுவரில் அவள் போட்ட புரட்டாசிக் கோடு கண்ணாடிக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. கல்லா மேல் வெள்ளிக் கட்டி ஒன்று துணி விலக்கி வைத்திருந்தது.

எதிரே நின்றவர் தோளைப் பார்த்ததுமே லீலாவதிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அய்யம்பெருமாள். அவள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மணி அடித்தவர், மார்கழியில்தான் ரிடையர் ஆனார். மஞ்சள் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"அய்யம்பெருமாள், வாங்காதீங்க."

கடை திரும்பிப் பார்த்தது. காசிநாதன் எழுந்தார். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டார்.

"லீலாவதியா, வா வா. உள்ளே வூட்டுக்குப் போயி உக்காரு. அக்கா காபி போடுவா."

"காபி வேண்டாம் மாமா. அய்யம்பெருமாள், பையை எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போங்க. வெள்ளி விழப் போவுது."

"யாரு சொல்றது?" காசிநாதனின் சிரிப்பு போய்விட்டது. "அமெரிக்காவா, லண்டனா? பொம்பளை பேச்சைக் கேட்டு வியாபாரத்தைக் கெடுக்காதே. வெளியே போ."

"அந்தக் கோட்டைப் போட்டவ சொல்றேன்." சுவரைக் காட்டினாள். "அது புரட்டாசியோட நின்னுடுச்சு. அதுக்கு அப்புறம் நடந்தது இந்த நோட்டுல இருக்கு. யாருக்கு வேணுமோ வந்து பாருங்க."

கல்லா மேல் நோட்டை விரித்து வைத்தாள். காசிநாதன் அதைப் பிடுங்கக் கை நீட்டினார். அவள் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். இருவர் கையும் ஒரு நோட்டின் மேல். யாரும் குறுக்கே வரவில்லை.

அய்யம்பெருமாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருக்குக் கோடு புரியவில்லை. அவர் கேட்டது வேறு.

"டீச்சர், எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க வூட்டுக் கட்டியை நீங்க வித்துட்டீங்களா?"

இதே கேள்விக்குத்தான் காலையில் மீன்சுருட்டியில் இல்லை என்று சொன்னாள். அப்போது அது அவள் அறிந்த உண்மை.

காசிநாதன் அவளையே பார்த்தார். கண்ணால் மிரட்டினார். அப்புறம் அதே கண்ணால் கெஞ்சினார்.

"வித்துட்டோம்" என்றாள் லீலாவதி. "என் வூட்டுக்காரர் விழும்னு தெரிஞ்சே அவர் கூடப் பிறந்த தங்கச்சிக்கு வித்துட்டார். இவர் தெரிஞ்சே உங்களுக்கு வித்துக்கிட்டு இருக்கார். ஏழு போயிடுச்சு, இது எட்டாவது."

அய்யம்பெருமாள் பையோடு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

யூரியாவுக்கு நின்ற வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். வாலிகண்டபுரத்துக்காரர், மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை. கல்லாவில் அந்தக் கையை ஊன்றினார்.

"காசிநாதன், அந்த ஏழுல ஒண்ணு நான் வாங்கினது. என் பணத்தை எடுத்து வையி."

"யோவ், வியாபாரம் வியாபாரம்தான். கடையை விட்டு இறங்கு."

"எடுத்து வைய்யான்னேன்."

வரிசை கலைந்து கல்லாவை நெருங்கியது. காசிநாதன் உள்பக்கம் பார்த்து யாரையோ கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. நெருக்கலில் லீலாவதி சுவரோரம் தள்ளப்பட்டாள். நோட்டு மட்டும் அவள் கையில் இருந்தது.

வாசலில் ஜெயங்கொண்டம் பக்கத்து ஆள் ஒருவன் சைக்கிளை எடுத்தான். "நம்ம லாரிக்கார குருநாதன் சம்சாரம் முத்தாயியா? அதுகிட்டயா வித்தாங்க?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டான். கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மிதித்தான்.

லீலாவதி அவனைக் கூப்பிட வாய் எடுத்தாள். முத்தாயிக்கு இந்தச் சேதியைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். சைக்கிள் முக்கு திரும்பிவிட்டது.